செவ்வாய்க்கிழமை என்ன மீன் வரும்?

எனக்கு மீன் தெரியாது. வாங்கத் தெரியாது, ஆயத் தெரியாது, சாப்பிடவும் தெரியாது. ஆனாலும் பதினைந்து வருடமாகப் பதினோராம் வகுப்புப் பெண்களுக்கு நல்ல மீனைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கண்கள் பளபளப்பாக இருக்க வேண்டும். செவுள்கள் சிவப்பாக இருக்க வேண்டும். சதை கெட்டியாக இருக்க வேண்டும். கரும்பலகையில் எழுதுவேன், அவர்கள் எழுதிக்கொள்வார்கள், பரீட்சையில் எனக்கே திருப்பி எழுதித் தருவார்கள், நான் மதிப்பெண் போடுவேன். இத்தனைக்கும் நடுவில் ஒரு மீன்கூட எங்கள் கண்ணில் பட்டதில்லை.

நான் மனையியல் ஆசிரியை. பள்ளி மைலாப்பூரில், வீடு தி. நகரில். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து புடவைக் கடை வைத்த குடும்பம் எங்களுடையது. பிறந்த வீடும் புகுந்த வீடும் சுத்த சைவம். எங்கள் பள்ளியில் மனையியலுக்கு ‘சமையல் குரூப்’ என்று பெயர். கணக்கில் தடுமாறும் பெண்களை எங்கள் பக்கம் தள்ளிவிடுவார்கள். அப்படி வருகிறவர்களில் பாதிப் பேர் பட்டினப்பாக்கத்தை ஒட்டிய கடற்கரைக் குப்பங்களிலிருந்து வருகிறவர்கள். மீனைப் பற்றிய அந்த மூன்று வரிகளை நான் படிக்கும்போது அவர்கள் குனிந்துகொண்டு ஏன் தோளால் இடித்துக்கொள்கிறார்கள் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. பேன் தொல்லை என்று நினைத்திருந்தேன்.

ஒரு ஜூலை மாதம் வழக்கம்போல உணவுத் திட்டமிடல் பாடத்துக்கு வீட்டு வேலை கொடுத்தேன். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்கான உணவு அட்டவணை. ஏழு நாள், மூன்று வேளை, இருபத்தொரு கட்டம். எது மாவுச்சத்து, எது புரதம் என்று ஓரத்தில் குறிக்க வேண்டும். எல்லாரும் திங்கள் இட்லி, செவ்வாய் உப்புமா என்று அழகாக எழுதி வந்தார்கள். அவர்களில் யார் வீட்டிலும் அந்த வாரம் அந்த இட்லி வெந்திருக்காது என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

ஒரே ஒரு பெண் மட்டும் ஏழு மதியக் கட்டங்களிலும் ஒரே வார்த்தையை எழுதியிருந்தாள். ‘வர்றது.’ ஏழாவது கட்டத்துக்குக் கீழே சின்ன எழுத்தில், ‘வரலன்னா கருவாடு.’

நான் சிவப்பு மையில் ‘விளையாட்டா?’ என்று எழுதி, பத்துக்கு இரண்டு போட்டு அனுப்பினேன்.

மறுநாள் காலை பிரேயர் முடிந்து வகுப்புக்குப் போகும்போது காவல்காரர் ஓடி வந்தார். “மேடம், கேட்டாண்ட ஒரு அம்மா நிக்கிது. கூடையோட உள்ள வரேன்னு ஒரே ரவுசு. நாறுதுன்னு சொன்னா என்னையே மொறைக்குது.”

போய்ப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும், நாற்பதைத் தாண்டிய முகம். பச்சை நைலக்ஸ் புடவை, இடுப்பில் சொருகிய முந்தானை, காலடியில் ஈரத்துணி போட்டு மூடிய அலுமினியக் கூடை. கையில் மகளின் நோட்டு.

“நீங்கதான் அந்த டீச்சருங்களா?”

“ஆமாம்.”

“எம்பொண்ணு இன்னா தப்பா எய்திட்டான்னு கேக்கலாம்னு வந்தேன். ராத்திரி பூரா அயுதுகினு கீறா.”

“தப்புன்னு இல்லம்மா. திட்டம் போடச் சொன்னேன். அவ திட்டமே போடல. ஏழு நாளைக்கும் ஒரே பதில்.”

அவள் நோட்டைப் பிரித்து, என் சிவப்பு எழுத்தின்மேல் விரலை வைத்தாள். “சரி டீச்சர். நீங்களே சொல்லுங்க. செவ்வாக்கெயம இன்னா மீன் வரும்?”

நான் நோட்டில் அந்தச் செவ்வாய்க் கட்டத்தைப் பார்த்தேன்.

“தெரியாதுல்ல? எனக்கும் தெரியாது. அன்னிக்குக் காலீல தெரு மொனைக்கு வந்து நின்னா தெரிஞ்சுரும். காத்து எந்தப் பக்கத்துல இருந்து அடிக்குது, தண்ணி எந்தப் பக்கம் ஓடுது, கலங்கலா கீதா தெளிவா கீதா. கலங்கல்னா எறா வரும்னு வூட்ல பூண்டு உரிச்சு வெச்சுருவேன். வாடக்காத்து பெருசா கீதுன்னா போட்டு கடல்ல எறங்காது, பானையில இருந்து கருவாட்ட எடுத்து ஊற வெப்பேன். மீன்புடி தடைக்காலம் வந்தா ரெண்டு மாசத்துக்கு வேற கணக்கு. இது திட்டம் இல்லியா? உங்க கட்டத்துல அடங்கலன்னா நான் இன்னா பண்றது?”

காவல்காரர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நானும்தான். “நோட்டைக் கொடுங்கம்மா, திரும்பப் பார்க்கிறேன்” என்றேன். அவள் கொடுத்துவிட்டுக் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு போனாள். அன்று முழுக்க என் புடவையில் மீன் வாசனை இருந்ததா, நானாக நினைத்துக்கொண்டேனா தெரியவில்லை.

சாயங்காலம் கடையடைத்து வந்த கணவரிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, “அந்தம்மா சொன்னதுல என்ன தப்பு இருக்கு?” என்றார். “ஐப்பசியில மழை எப்பிடிப் பெய்யுதோ அதுக்குத் தக்கனதானே தீவாளி யாவாரம் நடக்கு? எந்தக் கிழமை எந்தச் சேலை போகும்னு நாங்க கட்டம் போட்டா வச்சிருக்கோம்? கூட்டம் தெருவுல நடக்க நடையப் பாத்தாலே தெரியும், வாங்க வந்ததா வேடிக்கை பாக்க வந்ததான்னு. உனக்கு அது தெரியாது. நீ வாத்திச்சி.”

கடைசி வார்த்தையைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது.

பத்துக்கு இரண்டை அடித்து ஒன்பது போட்டேன். ஒரு மதிப்பெண்ணை மட்டும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை, காய்கறி பற்றி அவள் ஒன்றுமே எழுதவில்லை. அந்தச் சனிக்கிழமை காலை ஆறரைக்கு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, மெட்ரோ வேலைக்காகப் போட்டிருந்த தகரத் தடுப்புகளைச் சுற்றி வளைந்து, அவள் அம்மாவைத் தேடிக் கடற்கரைக்குப் போனேன்.

அவள் கடை என்பது ஒரு பலகை, ஒரு அரிவாள்மணை, ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி. என்னைப் பார்த்ததும் பக்கத்துக் கடைக்காரிகளிடம், “எம்பொண்ணோட டீச்சர்டி, நம்மகிட்ட பாடம் கத்துக்க வந்துகீது” என்று உரக்கச் சொன்னாள். ஐந்தாறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் கைப்பையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“இன்னா டீச்சர், உன் புஸ்தகத்துல மீனப் பத்தி இன்னா போட்டுகீது? சொல்லு.”

‘நீங்க’ போய் ‘நீ’ வந்திருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. மூன்று வரிகளையும் ஒப்பித்தேன்.

அவள் தொட்டியிலிருந்து ஒரு மீனை எடுத்தாள். “கண்ணப் பாரு.” பால் ஊற்றினாற்போல வெளுத்திருந்தது.

“பழசு,” என்றேன்.

“இன்னிக்கு வந்தது. ஐஸ் மேல படுத்துச்சு, கண்ணு வெளுத்துச்சு. அவ்ளோதான்.” இன்னொன்றை எடுத்தாள். செவுள் செக்கச்செவேல் என்றிருந்தது. “இத்த?”

“புதுசு.”

“முந்தாநாள் சரக்கு. செவுள்ள செவப்பு ஏத்தறதுக்கு ஆயிரம் வயி கீது. நான் அத்த விக்க மாட்டேன், வெளிய இருந்து வந்தது, தூக்கிப்போட வெச்சிகிறேன். தா, ரெண்டையும் கட்டவெரலால அமுத்து.”

என் கட்டைவிரல் அதுவரை முருங்கைக்காயையும் கத்தரிக்காயையும்தான் அமுக்கியிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன். சில்லென்று, வழவழவென்று, உடம்பு முழுக்கக் கூசியது. எனக்குப் பின்னால் ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஆனால் விரலுக்குப் புரிந்துவிட்டது. வெள்ளைக் கண் மீனில் பள்ளம் உடனே நிரம்பியது. சிவப்புச் செவுள் மீனில் பள்ளம் பள்ளமாகவே கிடந்தது.

“சதை கெட்டியாக இருக்க வேண்டும்னு இதைத்தான் போட்டிருக்காங்க,” என்றேன், புத்தகத்தைக் கொஞ்சமாவது காப்பாற்றுகிறவள்போல.

“போட்டுகீறாங்க. ஆனா கடைசீல போட்டுகீறாங்க. கண்ண மொதல்ல போட்டா புள்ள கண்ணப் பாத்துட்டு வந்துரும்ல?”

இதுதான் எனக்கு உறைத்தது. தகவல் தப்பில்லை, வரிசைதான் தப்பு. பதினைந்து வருடம் நான் எழுதிப்போட்ட வரிசை.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியையிடம் போய், அந்த அம்மாவை ஆய்வகத்துக்கு அழைத்துப் பாடம் நடத்தச் சொல்லலாமா என்று கேட்டேன். மாடவீதிக்குப் பின்னால் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம் அவருடையது. வீட்டில் வெங்காயம்கூடக் கிழமை பார்த்துத்தான் சேர்ப்பார்கள். நல்ல மனுஷி, கோபம் வந்தாலும் குரல் உயராது.

“நீங்க சொல்றது நன்னாத்தான் இருக்கு. ஆனா லேப்ல மீனைக் கொண்டு வந்து வெச்சுண்டு அறுக்கறதுன்னா, நாளைக்கு பேரண்ட்ஸ் வந்து நின்னுண்டு கேப்பா. பேசச் சொல்லுங்கோ அந்த மாமியை. பேச்சு மட்டும் போறும்.”

அவளிடம் போய்ச் சொன்னேன். “மீன் இல்லாம மீனப் பத்தி இன்னா பேசறது? உன் ஸ்கூல்ல மோட்டார் இல்லாம மோட்டார் சொல்லித் தருவாங்களா?” என்று கேட்டாள். பிறகு யோசித்துவிட்டு, “புள்ளைங்கள இங்க இட்டுனு வா” என்றாள். “ஆனா மூணு விசயம் சொல்ட்டேன். மூக்க மூடிக்கினு எவளும் வரக்கூடாது. தொடப் புடிக்காதவங்கள நீ தொடச் சொல்லக் கூடாது. நான் எய்திக்கச் சொல்றதத்தான் எய்திக்கணும்.”

மூன்றாவது விஷயத்தை நான் அப்போது சரியாகக் காதில் வாங்கவில்லை.

பத்தொன்பது பெண்களோடு ஒரு காலையில் நடந்து போனோம். தலைமை ஆசிரியை ‘களப்பயணம்’ என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார், எங்கே என்று எழுதவில்லை. குப்பத்துப் பெண்கள் முன்னால் நடந்தார்கள். வகுப்பில் கடைசி பெஞ்சில் சுருண்டு உட்காருகிறவர்களுக்கு அன்று எங்கிருந்து அவ்வளவு உயரம் வந்ததென்று தெரியவில்லை. “தோ, இது எங்க பெரிம்மா கட. தோ, அது எங்க அத்த” என்று காட்டிக்கொண்டே போனார்கள். அக்ரஹாரத்துப் பெண் ஒருத்தி தாவணி முனையை மூக்குக்குக் கொண்டுபோய், நிபந்தனை ஞாபகம் வந்து கீழே இறக்கினாள். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“நீ சாப்பிட மாட்டியா கண்ணு?” என்று கேட்டாள் அந்த அம்மா. “அப்ப உனக்கு வேற வேல. காத்து எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு பாத்து இவுங்களுக்குச் சொல்லு.”

அந்தப் பெண் கொஞ்ச நேரம் திண்டாடிவிட்டு, காயப்போட்ட வலை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துச் சரியாகச் சொன்னாள். வலை ஆடுவதைப் பார்க்க அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. திரும்பி வரும்போது வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

அன்றைக்கு நெத்திலியை மணலில் உலர்த்துவதைப் பார்த்தோம். மீன் பார்க்கும் முறையை ஒவ்வொருத்தியும் கட்டைவிரலால் கற்றாள். பிறகு அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பிள்ளை பெற்ற பெண்ணுக்குத் தங்கள் வீடுகளில் செய்து கொடுக்கும் ஒரு பக்குவத்தைச் சொன்னாள். எந்த மீன், எத்தனையாவது நாள், யாருக்குக் கொடுக்கலாம், யாருக்கு ஆகவே ஆகாது. கால்மணி நேரம் சொன்னாள். முடித்துவிட்டு, “இது உனக்குச் சொன்னது. எய்தாத” என்றாள்.

“ஏன்?”

“எய்திட்டா எல்லாருக்கும் ஒண்ணாயிடும். இது ஆளப் பாத்துக் குடுக்கறது.”

நான் தலையாட்டினேன். தலையாட்டியதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஏனென்றால் இரண்டு மாதம் கழித்து, அடையாறில் மனையியல் ஆசிரியைகளுக்கு ஒரு பயிற்சி நடந்தது. உள்ளூர் மக்களின் அறிவைப் பாடத்தில் சேர்ப்பது பற்றிப் பேச என்னை அழைத்தார்கள். என் வாழ்நாளில் முதல்முறையாக மேடையும் மைக்கும். நான்கு பக்கத்தில் குறிப்பு தயார் செய்தேன். முதல் மூன்று பக்கத்தில் மீன் பார்ப்பது, கருவாடு போடுவது, காற்றைப் பார்த்துச் சமையலைத் திட்டமிடுவது. நான்காவது பக்கம் வெறுமையாக இருந்தது. வெறுமையாக இருந்ததைப் பார்த்து எனக்குக் கை அரித்தது. அந்தப் பக்குவத்தை எழுதினேன். எவ்வளவு அருமையான விஷயம், நாலு பேருக்குப் போகட்டுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முகப்பில் என் பெயர். கடைசியில் பொடி எழுத்தில், ‘நன்றி: ஒரு மீனவப் பெண்மணி.’

கைதட்டல் கிடைத்தது. நாற்பது பிரதிகளும் தீர்ந்தன. வாட்ஸாப் குழுவில் பூங்கொத்துகள் குவிந்தன. எனக்கென்று வைத்திருந்த பிரதியைப் பெருமையாக அவள் மகளிடமே கொடுத்து, “அம்மாகிட்ட காட்டு” என்றேன்.

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போனபோது அவள் மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“இன்னா மீன் வேணுங்க மேடம்?”

‘மேடம்.’ ‘ங்க.’ பக்கத்துக் கடைகளில் பேச்சு நின்றிருந்தது.

“அக்கா, என்னாச்சு?”

“ஒண்ணும் ஆவலீங்க. வாங்கறதுன்னா சொல்லுங்க, இல்லன்னா நகுந்துக்கங்க, யாவாரத்த மறைக்கிறீங்க.”

நகர்ந்து நின்றேன். இரண்டு வாடிக்கையாளர்கள் வந்து போகும்வரை நின்றேன். வெயில் ஏறியது. கடைசியில் அவளே கத்தியைக் கீழே வைத்தாள்.

“உன்னிய எய்தாதன்னு சொன்னேனா இல்லியா?”

“சொன்னீங்க.”

“நீ தலைய ஆட்னியா இல்லியா?”

“ஆட்டினேன்.”

“எங்க தெருவுல போன வருசம் ஒருத்திக்குக் கொயந்த பொறந்துச்சு. அவளுக்கு ரத்தக் கொதிப்பு. அவளுக்கு இத்தக் குடுக்கக் கூடாதுன்னு எங்க நாலு பேருக்குத் தெரியும். உன் காயிதத்துக்குத் தெரியுமா? எவளோ ஒருத்தி படிச்சுட்டு எவளுக்கோ ஆக்கிக் குடுத்து ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, மீன்காரி சொன்னான்னுதான் பேரு வரும். கீய அதான் போட்டுகிறியே, ‘ஒரு மீனவப் பெண்மணி’ன்னு. எனக்குப் பேரு இல்லியா? உன் பேரு மட்டும் மேல பெருசா கீது.”

யாருக்கு ஆகாது என்று அவள் சொன்ன பகுதியை இடம் போதவில்லை என்று நான் விட்டுவிட்டிருந்தேன். அது அப்போதுதான் உறைத்தது. நடுரோட்டில், மீன் தண்ணீர் ஓடும் இடத்தில், அழுதுவிட்டேன். அவள் அதற்கு இரங்கியதாகத் தெரியவில்லை. “அயுதா காயிதம் திரும்பி வருமா? போய் எடுத்துனு வா” என்றாள்.

போய் எடுத்துவர முயன்றேன். வாட்ஸாப் குழுவில் நான்காவது பக்கத்தைக் கிழித்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது என்னுடையதல்ல, அனுமதியில்லாமல் போட்டுவிட்டேன், அதில் முக்கியமான எச்சரிக்கையும் விட்டுப்போயிருக்கிறது என்று எழுதினேன். சிலர் கிழித்துப் படமெடுத்து அனுப்பினார்கள். சிலர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். சிலர் ஏற்கெனவே வகுப்பில் கொடுத்துவிட்டோம் என்றார்கள். அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினேன், ராயப்பேட்டையில் ஒரு பள்ளிக்கு நேரிலேயே போனேன். இரண்டு வாரம் இதே வேலை. நாற்பதில் முப்பத்தொன்று வந்தன. ஒன்பது வரவில்லை.

முப்பத்தொரு தாள்களையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு போய் அவளிடம் கொடுத்தேன். ஒன்பது வரவில்லை என்றும் சொன்னேன். அந்த ஒன்பது பேரிடமும் யாருக்கு ஆகாது என்பதைப் போனில் சொல்லிவிட்டேன் என்றும் சொன்னேன்.

அவள் பையை வாங்கி, தொட்டிக்குக் கீழே தள்ளினாள். ஒரு முழு வஞ்சிரத்தைத் துண்டு போட்டு முடித்தாள். பிறகு, “இனிமே எது எய்துனாலும் மொதல்ல இங்க வந்து படிச்சுக் காட்டு. அப்பறம் அச்சு போடு” என்றாள்.

‘காட்டு’ என்றாளே, ‘காட்டுங்க’ என்று சொல்லவில்லையே என்று நான் வீடு வரை சந்தோஷமாகப் போனேன்.

அப்படித்தான் என் பாடக் குறிப்புகள் மீன் கடையில் அரங்கேற ஆரம்பித்தன. சனிக்கிழமை ஒன்பது மணிக்குமேல் கூட்டம் குறையும். நான் ஒரு கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டியில் உட்கார்ந்து உரக்கப் படிப்பேன். அவள் கேட்பாள், பக்கத்துக் கடைகளும் கேட்கும். முதல் நாள் கருவாடு பற்றிய பாடம்.

“மீனைச் சுத்தம் செய்து, உப்பு சேர்த்து...”

“இன்னா மீனு?” என்றது ஒரு குரல்.

“பொதுவா.”

“பொதுவான்னு ஒரு மீன் கீதா? நெத்திலிக்கு உப்பே வாணாம், வெயில்லயே காஞ்சுரும்.”

“அடியே, மய நாள்ல உப்பு இல்லாம நெத்திலி போட்டா புயு வெச்சுரும்,” என்றது இன்னொரு குரல்.

“மய நாள்ல எவடி நெத்திலி காய வெப்பா?”

“நான் வெப்பேன். எங்க அம்மாவூட்ல வெப்பாங்க.”

“உங்க அம்மாவூட்டுக் கருவாடு யாரு துன்னது?”

அரைமணி நேரம் சண்டை. நான் பேனாவை வைத்துக்கொண்டு யார் பக்கம் எழுதுவதென்று முழித்தேன். கடைசியில் அவள்தான், “ரெண்டையும் போடு. இவ இப்டி சொல்றா, அவ அப்டி சொல்றான்னு போடு. புள்ளைங்க ரெண்டையும் செஞ்சு பாக்கட்டும்” என்றாள். அப்படியே போட்டேன். ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள் எழுதிய என் முதல் பாடம் அதுதான். விடை சொன்ன இருவர் பெயரும் என் பெயருக்கு மேலே இருந்தன. இரண்டு பேரும் யார் பெயர் முதலில் வரவேண்டும் என்று அதற்கும் சண்டை போட்டார்கள்.

ஆய்வகத்தின் மொட்டை மாடியில் இரண்டு தட்டில் நெத்திலி காயவைத்தோம், ஒன்று உப்போடு, ஒன்று உப்பில்லாமல். தலைமை ஆசிரியைக்கு மூன்றாம் நாள்தான் விஷயம் தெரிந்தது. காற்று அவர் அறைப் பக்கம் திரும்பிவிட்டது. மேலே ஏறி வந்தார். தட்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“எது உப்பு போட்டது?” என்று கேட்டார்.

காட்டினார்கள்.

“எங்காத்துல வடாம் பிழியறச்சேயும் இதே தகராறுதான்,” என்றார். “எங்க மன்னி உப்பைக் கொட்டுவா. நான் கூடாதும்பேன். வெயில் குறைஞ்சா யார் சொல்றது சரின்னு தெரிஞ்சுடும்.” மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் படியிறங்கினார். பாதியில் நின்று, “நாளைக்குள்ள எடுத்துடுங்கோ” என்றார். எதிர்பாராத மழை அன்று ராத்திரியே இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டது. சண்டை இன்னும் தீரவில்லை.

அதற்கு அடுத்த வருடம் முதல் வீட்டு வேலையை மாற்றிக்கொண்டேன். ‘இன்றைக்கு என்ன சமைப்பது என்று உங்கள் வீட்டில் யார், எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்? கேட்டு எழுதி வா. எதை எழுதக்கூடாது என்றும் கேட்டு வா.’ இவ்வளவுதான். கோடம்பாக்கத்தில் படப்பிடிப்புக் குழுக்களுக்குச் சமைக்கும் ஒருவரின் மகள், ஷூட்டிங் வெளியிலா உள்ளேயா என்று கேட்டுத்தான் அப்பா மோரை எடுத்துப்போவார் என்று எழுதினாள். மூன்று வீடுகளில் சமையல் வேலை பார்க்கும் ஒரு அம்மா, ஒவ்வொரு வீட்டுக் குழம்பும் எப்படி வேறு என்று ஆறு பக்கம் சொல்லியிருந்தார். அக்ரஹாரத்துப் பெண்ணின் தங்கை ஒரு பக்கத்தை எழுதிவிட்டு, அதற்குக் கீழே ‘இதற்கு மேல் அம்மா சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள்’ என்று எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் கொடுத்தேன்.

‘வர்றது’ என்று எழுதிய பெண் இப்போது கல்லூரியில் உணவியல் படிக்கிறாள். பொதுத்தேர்வில் மனையியலில் நல்ல மதிப்பெண். கணக்கில்கூட அவள் அவ்வளவு மோசமில்லை என்று பிறகு தெரிந்தது. யாரும் சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமைகள் தொடர்கின்றன. போன தைக்கு முந்தி ஒரு நாள் நான் பாடத்தை எடுப்பதற்குள் அவள் மடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள். ரத்தப் பரிசோதனைத் தாள். சர்க்கரை ஏறியிருந்தது.

“டாக்டர் மாத்தர குடுத்துட்டாரு. சோத்தக் கொறைன்னாரு. இன்னா கொறைக்கறது, எப்டி கொறைக்கறது, ஒண்ணும் சொல்லல, பின்னாடி பெரிய வரிச. உன் புஸ்தகத்துல இன்னா போட்டுகீது?”

என் புத்தகத்தை முதல்முறையாக அவள் கேட்டாள். நான் பதறாமல் மெதுவாகச் சொன்னேன். தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, கால் பங்கு மீன். மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஒரே வேளையில் மலை போலச் சோறு கூடாது.

“காய் பாதியா?” என்றாள் அதிர்ந்து.

“பாதி.”

“நான் இன்னா ஆடா?”

பக்கத்துக் கடைகள் சிரித்தன. நான் விடவில்லை. முருங்கைக்கீரையை மீனோடு போடலாமா என்று கேட்டேன். அவள் யோசித்து, எந்த மீனோடு போடலாம், எதோடு போட்டால் கசக்கும் என்று சொன்னாள். கத்தரிக்காய் கருவாட்டில் காயைக் கூட்டிச் சோற்றைக் குறைத்துக்கொள்வது என்று முடிவானது. வாரத்தில் இரண்டு நாள் கேழ்வரகுக் களி, அதற்கு நெத்திலிக் குழம்பு. “களிக்கு நெத்திலிதான்,” என்றாள், “அத்த மட்டும் நான் விட மாட்டேன்.” விடவேண்டாம் என்றேன்.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. தாளை என் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

“பாத்தியா? டெய்லி கடக்கரை ஓரமா நடந்தேன்ல, அதான்.”

“சோத்தைக் குறைச்சீங்கல்ல, அதான்,” என்றேன்.

“நடந்ததாலதான்.”

“சோறுதான்.”

“மாத்தரன்னு ஒண்ணு கீது, ரெண்டு பேரும் அத்த மறந்துடாதீங்கடி,” என்றாள் பக்கத்துக் கடைக்காரி, தொட்டியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே.